பத்துப் படிவம் பத்து ஆள் ஆகாது: மலை ஊர்ச் சர்வேயில் கை-ஸ்கொயர்

நீலகிரியில் சர்வே எடுப்பவர்கள் கையில் கடைசியில் சேர்வது பெரும்பாலும் வகைகள்தான். இலையை எந்த ஃபேக்டரிக்குக் கொடுக்கிறீர்கள், கவாத்து செய்தீர்களா, அடுப்பு கேஸா விறகா, காட்டுமாடு தோட்டத்துக்குள் வந்ததா இல்லையா. இவற்றுக்குச் சராசரி எடுக்க வழியில்லை. எத்தனை பேர் எந்தப் பக்கம் என்று எண்ணலாம், அவ்வளவுதான். எண்ணி முடித்ததும் யாராவது ஒருவர் 'கை-ஸ்கொயர் போட்டுப் பாருங்க' என்பார். இரண்டு வகைகளுக்கு நடுவே தொடர்பு உண்டா என்று தலை எண்ணிக்கையை வைத்துப் பார்க்கும் சோதனை அது. போடுவது பத்து நிமிட வேலை. அதில் வரும் பி மதிப்பை (தொடர்பே இல்லாவிட்டாலும் இவ்வளவு வித்தியாசம் தற்செயலாக வரும் வாய்ப்பை) நம்பலாமா என்பதை முடிவு செய்வது படிவம் யாரிடம், எங்கே, எப்படி வாங்கப்பட்டது என்பதுதான். சூத்திரத்தில் தப்பு செய்பவர்கள் குறைவு. ஒரே ஹட்டியில் (படுகர் ஊரில்) வாங்கிய பத்துப் படிவத்தைப் பத்துத் தனி ஆள் என்று எண்ணிவிடுபவர்கள் நிறைய.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். கோத்தகிரி பக்கம் 200 சிறு தேயிலை விவசாயிகளிடம் இரண்டு கேள்வி கேட்டதாக வைத்துக்கொள்வோம்: நிலம் எவ்வளவு, பசுந்தேயிலையைப் பெரும்பாலும் யாருக்குக் கொடுக்கிறீர்கள். கீழே உள்ள எண்கள் கணக்கு சுலபமாக வருவதற்காகப் போட்டவை, எந்த உண்மைச் சர்வேயின் முடிவும் அல்ல. அடைப்புக்குள் இருப்பது எதிர்பார்க்கும் எண்.

| நில அளவு | கூட்டுறவு ஃபேக்டரி | தனியார் ஃபேக்டரி | ஏஜென்ட் | மொத்தம் |
|---|---|---|---|---|
| 1 ஏக்கருக்குக் குறைவு | 38 (45) | 24 (27) | 28 (18) | 90 |
| 1 முதல் 2.5 ஏக்கருக்குள் | 40 (35) | 22 (21) | 8 (14) | 70 |
| 2.5 ஏக்கரும் அதற்கு மேலும் | 22 (20) | 14 (12) | 4 (8) | 40 |
| மொத்தம் | 100 | 60 | 40 | 200 |

நில அளவுக்கும் விற்கும் இடத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்றால் ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? அதுதான் எதிர்பார்க்கும் எண். வரிசை மொத்தத்தையும் நிரல் மொத்தத்தையும் பெருக்கி, முழு மொத்தத்தால் வகுத்தால் கிடைக்கும். சிறு நிலக்காரர் - ஏஜென்ட் கட்டத்துக்கு 90 × 40 ÷ 200 = 18. நேரில் கண்டது 28. வித்தியாசம் 10, அதன் வர்க்கம் 100, அதை 18-ஆல் வகுத்தால் 5.56. ஒன்பது கட்டத்துக்கும் இதையே செய்து கூட்டினால் 12.84 வரும். டிகிரி ஆஃப் ஃப்ரீடம், வரிசை எண்ணிக்கையில் ஒன்று கழித்து, நிரல் எண்ணிக்கையில் ஒன்று கழித்து, இரண்டையும் பெருக்கியது: 2 × 2 = 4. நான்குக்கு 5 சதவீத எல்லை (தொடர்பு இல்லாதபோது நூற்றில் ஐந்து முறை மட்டும் தாண்டும் எண்) 9.488, ஒரு சதவீத எல்லை 13.277. நம்முடைய 12.84 இரண்டுக்கும் நடுவில் விழுகிறது. பி மதிப்பு சுமார் 0.012.

டிகிரி ஆஃப் ஃப்ரீடத்தில் குழம்புகிறவர்கள் வெட்கப்பட வேண்டாம். இந்தச் சோதனையை 1900-இல் கொண்டுவந்த கார்ல் பியர்சனே இந்த மாதிரி அட்டவணைக்கு அதைக் கூடுதலாக எண்ணிவிட்டார். ஆர்.ஏ. ஃபிஷர் 1922-இல் சரிசெய்தார். பியர்சன் அதை ஒத்துக்கொள்ளவே இல்லை என்பது தனிக் கதை.

இப்போது பலர் 'நில அளவுக்கும் விற்பனைக்கும் தொடர்பு உண்டு' என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். அது பாதி வேலை. தொடர்பு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அதற்கு ஒவ்வொரு கட்டத்துக்கும் சரிக்கட்டிய எச்சம், அதாவது அட்ஜஸ்டட் ரெசிஜுவல், எடுக்க வேண்டும். கண்டதிலிருந்து எதிர்பார்த்ததைக் கழித்து, அதை ஒரு வர்க்கமூலத்தால் வகுப்பது. அந்த வர்க்கமூலத்துக்குள் இருப்பது: எதிர்பார்த்த எண் × (1 − வரிசையின் பங்கு) × (1 − நிரலின் பங்கு). சிறு நிலக்காரர் - ஏஜென்ட் கட்டத்தில் 18 × 0.55 × 0.80 = 7.92, வர்க்கமூலம் 2.81. பத்தை அதனால் வகுத்தால் 3.55. இதை ஏறத்தாழ இயல்நிலைப் பரவலின் எண்ணாகப் படிக்கலாம்; 1.96-ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டியது. ஒன்பது கட்டத்தை ஒரே நேரத்தில் பார்ப்பதால் எல்லையை 2.77-க்கு உயர்த்துவது நியாயம். நடு வரிசை ஏஜென்ட் கட்டத்தில் −2.22, சிறு நிலக்காரர் - கூட்டுறவில் −1.99. இரண்டும் 1.96-ஐத் தாண்டுகின்றன, 2.77-ஐத் தாண்டவில்லை. ஆக, இந்த அட்டவணை உறுதியாகச் சொல்வது ஒன்றுதான்: ஒரு ஏக்கருக்குக் கீழ் இருப்பவர்கள் எதிர்பார்த்ததைவிட அதிகமாக ஏஜென்டிடம் கொடுக்கிறார்கள். அவர்களில் 31 சதவீதம், மற்ற இரு பிரிவிலும் 11, 10 சதவீதம். தனியார் ஃபேக்டரி பற்றி இது எதுவும் சொல்லவில்லை. சொன்னதாக எழுதக் கூடாது.

தொடர்பு எவ்வளவு பலமானது என்பதற்கு கிராமரின் வி: கை-ஸ்கொயரை 200 × 2-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 0.18. அந்த 2 எங்கிருந்து வந்தது என்றால், வரிசை, நிரல் இரண்டில் எது குறைவோ அதில் ஒன்று கழித்தது. வி சுழியத்திலிருந்து ஒன்று வரை போகும். 0.18 என்பது இருக்கிறது, ஆனால் பெரிதல்ல. இதை எழுதாமல் பி மதிப்பை மட்டும் எழுதினால் படிப்பவர் ஏமாறுவார். இதே விகிதத்தில் 2,000 பேர் இருந்தால் கை-ஸ்கொயர் 128 ஆகிவிடும், பி மதிப்பு சுழியத்தை ஒட்டிவிடும், வி அதே 0.18-இல்தான் நிற்கும்.

சதவீதத்தைப் போட்டுக் கணக்கிடும் தப்பும் இங்கேதான் நடக்கிறது. ரிப்போர்ட்டுக்காக ஏற்கெனவே மொத்தத்தில் சதவீதமாக மாற்றிய அட்டவணை கையில் இருக்கும். அதையே எக்செலில் கொடுத்துவிடுவார்கள். மேலே உள்ள அட்டவணையை அப்படிக் கொடுத்தால் கை-ஸ்கொயர் 6.42, பி மதிப்பு 0.17. 200 பேரை 100 பேர் ஆக்கியதன் விளைவு அது. 50 பேர் மட்டும் இருந்த சர்வேயில் இதையே செய்தால் எதிர்ப்பக்கம் போகும்: இல்லாத பலம் வந்துவிடும். கட்டத்துக்குள் போவது தலை எண்ணிக்கை மட்டுமே. சதவீதம், கிலோ, ரூபாய், சராசரி எதுவும் கூடாது. 'கூட்டுறவுக்கு 4,200 கிலோ, ஏஜென்டுக்கு 1,800 கிலோ' என்று எடையைப் போட்டு கை-ஸ்கொயர் எடுத்தால், ஒவ்வொரு கிலோவும் தனியாக முடிவெடுத்து நடந்து போனதாக அர்த்தம்.

படிவத்திலேயே கெட்டுப்போகும் இடங்கள்

ஒரு ஆள் ஒரே ஒரு கட்டத்தில்தான் விழ வேண்டும். '0–1 ஏக்கர், 1–2 ஏக்கர்' என்று அச்சடித்தால் சரியாக ஒரு ஏக்கர் வைத்திருப்பவர் எங்கே போவார்? படிவம் நிரப்புகிற பையனின் மனநிலையைப் பொறுத்தது. 'குறைவு', 'முதல்... வரை, அதைச் சேர்க்காமல்' என்று தெளிவாக எழுத வேண்டும். மலையில் இதற்கு மேலும் ஒரு சங்கடம், கூட்டுப் பட்டா. பட்டா பெரியவர் பெயரில் ஒன்றாக இருக்கும், பிரித்து அனுபவிப்பது நான்கு குடும்பமாக இருக்கும். 'உங்களுக்கு நிலம் எவ்வளவு' என்றால் ஒருவர் பட்டாவில் இருப்பதைச் சொல்வார், அடுத்தவர் தான் இலை எடுக்கும் பகுதியைச் சொல்வார். 'நீங்களே இலை எடுத்து விற்கிற பகுதி எத்தனை ஏக்கர், எத்தனை சென்ட்' என்று கேட்டு, எண்ணாகவே எழுதிக்கொண்டு, வகையைப் பிறகு பிரிப்பது நல்லது. வகையாக வாங்கியதை எண்ணாக்க முடியாது.

'தெரியாது', 'பதில் இல்லை' என்பதை என்ன செய்வது என்று படிவம் களத்துக்குப் போகும் முன்பே எழுதி வைக்க வேண்டும். முடிவைப் பார்த்துவிட்டு, பி மதிப்பு 0.05-க்குக் கீழ் வருகிற மாதிரி வகைகளை ஒட்டுவதும் வெட்டுவதும் ஆய்வு அல்ல. 20 கேள்வியை 5 பின்னணி விவரத்தோடு குறுக்கே ஓட்டினால் 100 சோதனை. எதிலும் ஒரு தொடர்பும் இல்லாவிட்டாலும் சுமார் ஐந்து 'முக்கியமானது' என்று வந்து நிற்கும். எதைச் சோதிக்கப் போகிறோம் என்ற பட்டியல் முதல் நாளே கையில் இருக்க வேண்டும்.

'பொருந்துவதை எல்லாம் டிக் செய்க' கேள்வி தனி ரகம். தோட்டத்தில் என்ன பிரச்சினை என்று கேட்டால் விலை, கூலியாள், உரம், காட்டுமாடு என்று ஒரே ஆள் நான்கையும் சொல்வார். 200 பேரிடம் 520 டிக் வரும். அந்த 520-ஐ ஒரே அட்டவணையாக்கி கை-ஸ்கொயர் போடக் கூடாது, ஏனென்றால் ஒரே ஆள் பல கட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார். ஒவ்வொரு பிரச்சினையையும் 'சொன்னார் / சொல்லவில்லை' என்று தனி அட்டவணையாக்கி, நான்கு சோதனை செய்வதால் எல்லையை 0.05-லிருந்து 0.0125-க்கு இறக்கிக்கொள்ள வேண்டும்.

எப்போது போகிறோம் என்பதும் அட்டவணையை மாற்றும். இலை எடுக்கும் நாளில் காலை பத்து மணிக்கு ஹட்டிக்குப் போனால் வீட்டில் வயதானவர்கள்தான் இருப்பார்கள். இலை எடை போடும் இடத்தில் நின்று படிவம் நிரப்பினால் அந்த வண்டிக்கு இலை கொடுப்பவர்கள் மட்டும்தான் கிடைப்பார்கள். பிறகு 'யாருக்குக் கொடுக்கிறீர்கள்' என்ற கேள்விக்கே அர்த்தம் இல்லை. பஸ் நிற்கிற ரோட்டோர வீடுகளோடு திரும்பிவிடுவது அடுத்த வியாதி.

மாதிரி சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்கவும் கை-ஸ்கொயரே உதவும். விவசாயிகள் பட்டியலின்படி மூன்று நில அளவின் பங்கு 50, 30, 20 சதவீதம் என்று வையுங்கள். 200-க்கு 100, 60, 40 வர வேண்டும். நமக்கு வந்தது 90, 70, 40. கணக்கு: 1.00 + 1.67 + 0 = 2.67. டிகிரி ஆஃப் ஃப்ரீடம் 2, எல்லை 5.991. பயப்பட ஒன்றுமில்லை. இதை முதலிலேயே செய்துவிட்டால், முழு ரிப்போர்ட்டும் எழுதிய பிறகு 'உங்க சாம்பிள்ல சின்ன விவசாயிங்களே இல்லையே' என்று கேட்டு யாரும் கவிழ்க்க முடியாது.

ஐந்துக்குக் கீழே

புள்ளியியலாளர் கோக்ரன் 1954-இல் சொன்ன விதி இன்றும் போதுமானது: எதிர்பார்க்கும் எண் எந்தக் கட்டத்திலும் 1-க்குக் கீழே போகக் கூடாது, 5-க்குக் கீழே இருக்கும் கட்டங்கள் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. கவனம், பார்க்க வேண்டியது எதிர்பார்க்கும் எண்ணை. நம் அட்டவணையில் 2.5 ஏக்கரும் மேலும் - ஏஜென்ட் கட்டத்தில் கண்டது 4, எதிர்பார்த்தது 8. அதனால் பிரச்சினை இல்லை. கண்ட எண் 4 என்று பார்த்து அந்த வரிசையையே தூக்கியெறிபவர்கள் உண்டு.

எத்தனை படிவம் வேண்டும் என்பதையும் இதிலிருந்தே பின்னோக்கிப் போடலாம். மிகச் சிறிய வரிசையின் பங்கு 10 சதவீதம், மிகச் சிறிய நிரலின் பங்கு 10 சதவீதம் என்று எதிர்பார்த்தால், 5 ÷ (0.1 × 0.1) = 500 பேர் இருந்தால்தான் அந்தக் கட்டத்தில் ஐந்து வரும்.

குறைந்துபோனால் இரண்டு வழி. இரண்டுக்கு இரண்டு அட்டவணை என்றால் ஃபிஷரின் துல்லியச் சோதனை. பெரிய அட்டவணை என்றால் வகைகளைச் சேர்ப்பது, அல்லது மென்பொருளைச் சில ஆயிரம் முறை குலுக்கிப் பார்க்கச் சொல்லி பி மதிப்பு வாங்குவது. சேர்ப்பதற்கு அர்த்தம் இருக்க வேண்டும். ஏக்கர் வகைகளில் பக்கத்துப் பக்கத்து இரண்டைச் சேர்க்கலாம். ஆனால் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் எல்லாரையும் 'மற்றவர்' என்ற ஒரு வரிசையில் அடைப்பதை நாங்கள் ஒருபோதும் ஒத்துக்கொள்வதில்லை. மந்தில் (தோடர் குடியிருப்பில்) எருமையோடு இருப்பவர் வாழ்க்கையும் பந்தலூர் பக்கம் எஸ்டேட் வேலைக்குப் போகும் பணியர் வாழ்க்கையும் ஒரு கட்டத்துக்குள் சேராது. தாலுகா முழுக்கக் குலுக்கலில் எடுத்த மாதிரியில் அவர்கள் மூன்று, நான்கு பேர்தான் வருவார்கள் என்பது தெரிந்த விஷயம். அவர்களைப் பற்றிப் பேச வேண்டும் என்றால் அவர்கள் ஊர்களில் தனியாக, போதுமான எண்ணிக்கையில் படிவம் வாங்க வேண்டும். இல்லையென்றால் அந்த ஒப்பீட்டைச் செய்யவில்லை என்று எழுதிவிட வேண்டும்.

ரோடு எங்கே இருக்கிறது?

கை-ஸ்கொயர் தொடர்பைச் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. மலையில் காரணம் பல நேரம் ரோடுதான். இன்னொரு கற்பனை அட்டவணை: 180 பேர், சிறு நிலம் 90, பெரிய நிலம் 90. ஏஜென்டுக்குக் கொடுப்பவர்கள் சிறு நிலத்தில் 27 (30 சதவீதம்), பெரிய நிலத்தில் 15 (சுமார் 17 சதவீதம்). கை-ஸ்கொயர் 4.47, ஒரு டிகிரிக்கு எல்லை 3.841. பி மதிப்பு 0.034. 'சிறு விவசாயி ஏஜென்டிடம் மாட்டிக்கொள்கிறார்' என்று தலைப்பு போடத் தோன்றும்.

அதே 180 பேரை ரோட்டோரம், உள்பகுதி என்று பிரியுங்கள். ரோட்டோரத்தில் சிறு நிலக்காரர் 30 பேரில் 3, பெரிய நிலக்காரர் 70 பேரில் 7. இரண்டிலும் 10 சதவீதம். லாரி போகாத உள்பகுதியில் சிறு நிலக்காரர் 60 பேரில் 24, பெரிய நிலக்காரர் 20 பேரில் 8. இரண்டிலும் 40 சதவீதம். நில அளவுக்கும் ஏஜென்டுக்கும் எங்கேயும் கடுகளவு தொடர்பும் இல்லை. சிறு நிலம் உள்பகுதியில் அதிகம், உள்பகுதியில் ஏஜென்ட் அதிகம், அவ்வளவுதான். அதனால் படிவத்தில் 'ஃபேக்டரி வண்டி நிற்கும் இடத்துக்கு எவ்வளவு தூரம்' என்ற ஒரு கேள்வி கட்டாயம். பிரித்துப் பார்த்து, பிறகு இரண்டு பகுதியையும் சேர்த்து ஒரே முடிவு வேண்டும் என்றால் கோக்ரன்-மாண்டெல்-ஹேன்செல் சோதனை இருக்கிறது.

இந்த அட்டவணையில் இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. ஆர் மென்பொருள் இரண்டுக்கு இரண்டு அட்டவணை என்றால் கேட்காமலேயே யேட்ஸ் 1934-இல் சொன்ன தொடர்ச்சித் திருத்தத்தைப் (ஒவ்வொரு வித்தியாசத்திலும் அரை கழிப்பதை) போட்டுவிடும். அப்போது 4.47 என்பது 3.76 ஆகும், பி மதிப்பு 0.053. ஒருவர் எக்செலில் போட்டு 'தொடர்பு உண்டு' என்பார், இன்னொருவர் ஆரில் போட்டு 'இல்லை' என்பார்; இரண்டு பேரும் சண்டை போடுவார்கள். எதிர்பார்க்கும் எண்கள் இங்கே 21 அல்லது அதற்கு மேல் இருக்கின்றன, திருத்தம் தேவையில்லை என்பது எங்கள் கருத்து. யேட்ஸ் திருத்தம் தேவைக்கு மேல் கறாரானது. எது போட்டாலும் எது என்று எழுதுங்கள்.

ஹட்டியும் லைனும் வேனும்

இப்போது தலைப்பில் சொன்னதுக்கு வருவோம். கை-ஸ்கொயரின் முழுக் கணக்கும் ஒரு அனுமானத்தின் மேல் நிற்கிறது: ஒருவர் பதில் இன்னொருவர் பதிலைத் தொடாது. சமவெளி டவுனில் தெருத் தெருவாகக் குலுக்கல் போட்டால் ஓரளவு சரி. மலையில் ஊரே ஒரு முடிவாக இருக்கும். ஒரு ஹட்டிக்கு ஒரு ஃபேக்டரி வண்டிதான் வரும் என்றால் பத்துப் பேரும் அதற்குத்தான் இலை கொடுப்பார்கள். எஸ்டேட் லைன் வீடுகளில் (தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) தண்ணீர் ஒரே தொட்டியிலிருந்து வருகிறது. 'தண்ணீர் போதுமா' என்று இருபது வீட்டில் கேட்டாலும் பதில் ஒன்றுதான். 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்ததிலிருந்து சுற்றுலாப் பயணிகளிடம் அது பற்றிக் கருத்துக் கேட்கும் சர்வேக்கள் வருகின்றன. கல்லாறிலோ குஞ்சப்பனையிலோ ஒரு வேனை நிறுத்தி, உள்ளே இருக்கும் பன்னிரண்டு பேரிடமும் 'இ-பாஸ் எடுப்பது சிரமமா' என்று கேட்டால், எடுத்தது ஒருவர், மற்ற பதினொரு பேரும் அவர் புலம்பியதைத் திருப்பிச் சொல்பவர்கள். ஒரு வண்டிக்கு ஒரு படிவம் போதும்.

இதை எண்ணில் பார்க்கலாம். ஒரு ஹட்டியில் எத்தனை பேரிடம் படிவம் வாங்கினோமோ அந்த எண்ணிக்கையை 'தலைக்கட்டு' என்று சொல்வோம். ஒரே ஹட்டிக்காரர்களின் பதில் எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதற்கு சுழியத்திலிருந்து ஒன்று வரை ஒரு ஒப்புமை எண். இதனால் படிவங்களின் மதிப்பு எத்தனை மடங்கு குறைகிறது என்பதே டிசைன் எஃபெக்ட். டிசைன் எஃபெக்ட் = 1 + (ஹட்டிக்கு எடுத்த தலைக்கட்டு − 1) × ஒப்புமை எண். 20 ஹட்டியில் ஹட்டிக்குப் பத்து வீதம் 200 படிவம், ஒப்புமை எண் 0.1 என்று வைத்தால் 1 + 9 × 0.1 = 1.9. உங்கள் 200 படிவம் உண்மையில் 105 ஆளுக்குச் சமம். அதே 200-ஐ 5 ஹட்டியில் நாற்பது நாற்பதாக எடுத்தால் டிசைன் எஃபெக்ட் 4.9, வெறும் 41 ஆளுக்குச் சமம். 40 ஹட்டியில் ஐந்து ஐந்தாக எடுத்தால் 1.4, கிட்டத்தட்ட 143 ஆள். ஜீப் வாடகையும் கால்வலியும் கூடும், ஆனால் கிடைப்பது மூன்றரை மடங்கு.

முதல் அட்டவணைக்குத் திரும்பினால், 12.84-ஐ 1.9-ஆல் வகுத்தால் 6.76. எல்லை 9.488. பி மதிப்பு 0.012-லிருந்து 0.15-க்கு ஏறிவிட்டது. அட்டவணையில் ஓர் எண் கூட மாறவில்லை.

இந்த வகுத்தல் முரட்டுக் கணக்கு, மோசமான நிலையைக் காட்டுவது. ஒரே ஹட்டிக்குள் சிறு நிலக்காரரும் பெரிய நிலக்காரரும் கலந்து இருந்தால் ஒப்பீடு ஹட்டிக்குள்ளேயே நடக்கிறது, பாதிப்பு இதைவிடக் குறையும். ஒப்பிடும் விஷயமே ஊர் மட்டத்தில் இருந்தால் ('கூட்டுறவு வண்டி வரும் ஹட்டி / வராத ஹட்டி') பாதிப்பு முழுசாக வரும். அங்கே எண்ண வேண்டியது ஆட்களை அல்ல, ஹட்டிகளை. சரியான திருத்தத்தை ஜே.என்.கே. ராவும் ஏ.ஜே. ஸ்காட்டும் 1980-களின் முதல் பாதியில் கொடுத்தார்கள். ஆர் மென்பொருளின் சர்வே பேக்கேஜில் அது இருக்கிறது: எது ஊர், எது பகுதி, ஒவ்வொரு படிவத்தின் எடை (அது எத்தனை பேருக்காகப் பேசுகிறது) என்ன என்று முதலில் சொல்லிவிட்டு, அதன் கை-ஸ்கொயர் கட்டளையைக் கொடுத்தால் போதும். அதற்கும் ஊர்கள் போதுமான எண்ணிக்கையில் வேண்டும். ஐந்து ஹட்டியை வைத்துக்கொண்டு ராவ்-ஸ்காட் போட்டாலும் தேறாது.

இதெல்லாம் முடிய வேண்டும் என்றால் எக்செல் ஷீட்டில் ஒரு நிரல் இருக்க வேண்டும்: ஹட்டி அல்லது லைன் அல்லது வண்டியின் குறியீட்டு எண். பல சர்வேயில் அது மட்டும் இருக்காது. பெயர் இருக்கும், போன் நம்பர் இருக்கும் (அது இருக்கவே கூடாது), ஊர் பெயர் நான்கு விதமான எழுத்துப் பிழையோடு இருக்கும். படிவத்தின் மேல் மூலையில் இரண்டு இலக்க ஊர் எண்ணை முன்கூட்டியே அச்சடித்துவிடுவது மலிவான மருந்து. ஒப்புமை எவ்வளவு என்று கண்ணால் பார்க்கவும் அது உதவும்: ஊர் எண்ணை வரிசையாகவும் பதிலை நிரலாகவும் வைத்து ஒரு அட்டவணை போடுங்கள். பல ஊரில் பத்தும் ஒரே கட்டத்தில் விழுந்திருந்தால், ஒப்புமை எண் 0.1 இல்லை, ஒன்றை நெருங்குகிறது.

முன்-பின், வரிசை உள்ள வகை

ஒரே ஆட்களிடம் பயிற்சிக்கு முன்னும் பின்னும் கேட்டால் சாதாரண கை-ஸ்கொயர் செல்லாது. ஒரு ஆள் இரண்டு முறை எண்ணப்படுகிறார். மெக்நிமர் சோதனை (1947) போட வேண்டும். 80 பேரில் முன்பு கவாத்து செய்யாமல் இப்போது செய்பவர் 18, முன்பு செய்து இப்போது விட்டவர் 6 என்றால், மாறாத 56 பேரைப் பார்க்கவே வேண்டாம்: (18 − 6)² ÷ 24 = 6.0, எல்லை 3.841. தொடர்ச்சித் திருத்தம் போட்டால் 11² ÷ 24 = 5.04. படிவத்தில் ஆளை அடையாளம் காணும் எண் இல்லாமல் முன்-பின் இரண்டு கட்டும் தனித்தனியாக வந்து சேர்ந்தால் இதைச் செய்ய வழியில்லை.

நில அளவு மாதிரி வரிசை உள்ள வகைக்கு இன்னொரு குறை. வரிசைகளை இடம் மாற்றி அடுக்கினாலும் கை-ஸ்கொயர் அதே 12.84-தான் கொடுக்கும், சிறிது, நடு, பெரிது என்ற ஏறுவரிசை அதற்குத் தெரியாது. ஏஜென்ட் ஆம் / இல்லை என்று சுருக்கி கோக்ரன்-ஆர்மிடேஜ் போக்குச் சோதனை போட்டால், போக்கு இருக்கும்போது குறைந்த ஆட்களிலேயே பிடித்துவிடும். ஐந்து படித் 'திருப்தி' கேள்விகளுக்கும் இதுவே பொருந்தும்.

மென்பொருள் பற்றி சுருக்கமாக. எக்செலின் கை-ஸ்கொயர் ஃபார்முலாவுக்கு எதிர்பார்க்கும் எண்களின் அட்டவணையை நீங்களே போட்டுக் கொடுக்க வேண்டும். அது திருப்பித் தருவது பி மதிப்பு மட்டும். கை-ஸ்கொயர் எண் வேண்டும் என்றால் ஒவ்வொரு கட்டமாகக் கூட்ட வேண்டும். ஒருமுறை அப்படிக் கையால் செய்தவர்களுக்குத்தான் எந்தக் கட்டம் எண்ணைத் தூக்குகிறது என்று தெரியும். எஸ்.பி.எஸ்.எஸ் அட்டவணைக்கு அடியில் எத்தனை கட்டத்தில் எதிர்பார்க்கும் எண் ஐந்துக்குக் கீழ் என்று சின்ன எழுத்தில் போடும். அந்த அடிக்குறிப்பை வெட்டிவிட்டு ரிப்போர்ட்டில் ஒட்டுவது வழக்கமாகிவிட்டது.

ரிப்போர்ட்டில் எழுத வேண்டிய வடிவம் இப்படி இருக்கலாம்: '20 ஹட்டிகளில் ஹட்டிக்குப் பத்துப் பேர் வீதம் 200 விவசாயிகள். ஒரு ஏக்கருக்குக் குறைவாக உள்ளவர்களில் 31 சதவீதம் பேரும் (90-இல் 28), மற்றவர்களில் 11 சதவீதம் பேரும் (110-இல் 12) இலையை ஏஜென்டிடம் கொடுக்கிறார்கள். ஹட்டித் தொகுப்பைக் கணக்கில் எடுக்காத கை-ஸ்கொயர் 12.84, டிகிரி ஆஃப் ஃப்ரீடம் 4, பி மதிப்பு 0.012, கிராமர் வி 0.18. எல்லாக் கட்டத்திலும் எதிர்பார்க்கும் எண் 8 அல்லது அதற்கு மேல். ஹட்டித் தொகுப்புக்கான முரட்டுத் திருத்தத்துக்குப் பின் (டிசைன் எஃபெக்ட் 1.9 என்று வைத்து) கை-ஸ்கொயர் 6.76, பி மதிப்பு 0.15.' கடைசி வாக்கியத்தைச் சேர்த்தால் ரிப்போர்ட்டின் தலைப்பை மாற்ற வேண்டியிருக்கும். மாற்றிவிடுங்கள்.